ஆறடி வெள்ளை

அண்ணன் கணினியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, திரையின் மூலையில் இருந்த உதவிப் பெட்டிக்குள் 'கடைசி விலை சொல்லுங்க' என்று அடித்தான். பெட்டி உடனே வணக்கம் சொன்னது. உங்கள் காலக்கோட்டை இன்னும் அழகாக்கக் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று விலையையும் சொன்னது. 'நாற்பது வருஷக் கடை நாங்க. ஒரே ஒரு தடவைதான் தேவை. பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்று அடித்தான். பெட்டி மறுபடி முதலிலிருந்து வணக்கம் சொல்லி, அதே விலையை அதே சிரித்த முகத்தோடு சொன்னது.

"கெட்டிக்காரன் பாப்பா," என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. "அசைய மாட்டேங்கிறான்."

"அவன் இவன்னு யாரும் இல்லண்ணா. அது மெஷின்."

"மெஷினா இருந்தா என்ன? அதுக்கு ஒரு முதலாளி இருப்பான்ல. முதலாளின்னு ஒருத்தன் இருந்தா விலை குறையும்."

பிறகு எங்கள் குடும்பத்தின் கடைசி ஆயுதத்தை எடுத்தான். பக்கத்தை மூடிவிட்டு எழுந்து, வேண்டுமென்றே மெதுவாகக் கடை வாசல்வரை நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாலு எட்டு வைத்தால் பின்னாலிருந்து 'சார், சார், வாங்க சார்' என்று குரல் வர வேண்டும். வராத கடை உலகத்தில் இல்லை என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். கணினி கூப்பிடவில்லை. அண்ணன் தெருவைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல விட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

எங்கள் வீட்டில் விலை என்பது பேச்சைத் தொடங்கி வைக்கும் ஒரு சொல், அவ்வளவுதான். அப்பா பல் பிடுங்கப் போன இடத்தில், வலித்தது ஒரு பல்லாக இருந்தும், 'ரெண்டாப் பிடுங்கினா என்ன போடுவீங்க' என்று டாக்டரைக் கேட்டவர். டாக்டர் சொன்ன விலை நியாயமாக இருந்ததால் நல்ல பல் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த இடைவெளியைச் சாகும்வரை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், லாபத்தைத் தடவிப் பார்ப்பதுபோல.

எங்களுடையது பட்டன் கடை. ஜிப், கொக்கி, லேஸ், நூல் எல்லாம் உண்டு, ஆனால் ஊர் சொல்வது பட்டன் கடை என்றுதான். இந்த நாற்பதாவது ஆண்டில் அண்ணன் அடுத்த தெருவில் குளிர்பதனம் செய்த பெரிய கடை எடுத்திருந்தான். கண்ணாடிக் கதவு, வழுவழுத் தரை, கல்லாவுக்கு மேலே 'ஒரே விலை' என்று எரியும் பலகை. பேரம் பேசியே வளர்ந்தவன் பேரத்துக்குத் தடை போட்ட பலகை அது. எதிர்ச்சுவர் வாசலிலிருந்து கடைக்கோடிவரை நாற்பதடிக்கு வெறுமையாகக் கிடந்தது. அண்ணி ஏதோ ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறாள்: சுவர் நெடுகக் கோடு ஒன்று, கோட்டின்மேல் வட்டம் வட்டமாக ஆண்டுகள், ஒவ்வொரு வட்டத்துக்கும் படம். நம் கடைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றாள். கடையில் பில் போடுவது, சரக்குக் கணக்கு, கணினி என்றால் நான்தான். இணையத்தில் இலவசமாகக் காலக்கோடு செய்து தரும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தில் பலகையை அணைத்துவிட்டே வியாபாரம் செய்திருக்கலாம்.

கருவி நல்ல கருவிதான். ஆண்டைக் கொடுத்தால் வட்டம் முளைக்கும். தலைப்பு, இரண்டு வரி, ஒரு படம். படம் கொடுக்காவிட்டால் அதுவே சாம்பல் நிறத்தில் ஒரு மலையும் சூரியனும் போட்டுக்கொள்ளும். ஆனால் இலவசக்காரர்களுக்குப் பதினைந்து வட்டம்தான். செய்தி வீட்டுக்குள் பரவியதும், மாநகராட்சி இலவச மனை கொடுக்கிற மாதிரி ஆளாளுக்கு வந்தார்கள். முதல் நாள் ஷட்டரைத் தூக்கிவிட்டது தானே என்று சித்தப்பா ஒரு வட்டம் கேட்டார். தான் வாழ வந்த பிறகுதான் கடைக்கு மாடி வந்தது என்று அண்ணி ஒன்று கேட்டாள். சித்தப்பா தன் வட்டத்தை விட்டுக்கொடுக்கத் தயார், ஆனால் பதிலுக்கு அப்பாவின் வட்டத்தில் தன் முகமும் தெரிய வேண்டும் என்றார். "சரி, காது மட்டும்," என்றான் அண்ணன். தோளில் பாதிவரைக்கும் என்று படிந்தது.

எல்லாருக்கும் வட்டம் போட்டு முடித்து, மொத்தக் கோட்டையும் ஒரே பார்வையில் பார்ப்பதற்காகச் சுருக்கினேன். அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஓர் ஓட்டை.

இந்தக் கருவி காலத்தை அளந்து போடுகிறது. ஓராண்டுக்கு இவ்வளவு நீளம் என்றால் ஓராண்டுக்கு அவ்வளவேதான். ஆளைப் பார்த்துக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எட்டாம் ஆண்டில் 'புதிய ரக இறக்குமதி' என்று அப்பா கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் வட்டம். அடுத்தது பதினான்காம் ஆண்டில் 'புதுப்பொலிவுடன் மறுதிறப்பு'. இரண்டுக்கும் நடுவில் கோடுகூட இல்லை. இவ்வளவு காலம் ஒன்றும் நடக்காவிட்டால் கருவி கோட்டையும் நிறுத்திவிடும் போலிருக்கிறது. வெள்ளை. சுவருக்கு இதை அச்சடித்துத் தரும் பேனர்க்காரர் ஆண்டுக்கு ஓரடி என்று கணக்குச் சொல்லியிருந்தார். ஆறு ஆண்டுக்கு ஆறடி. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

'இடைவெளியைச் சுருக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதன்மேல் குட்டியாக மஞ்சள் பூட்டு. பணம் கட்டியவர்களுக்கு மட்டும். அதற்குத்தான் அண்ணன் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த ஆறு ஆண்டின் கதை பெரிய கதை இல்லை. அகலப் பட்டன் வைத்த கோட்டுதான் இனி உலகம் என்று யாரோ சொல்ல, அப்பா இருந்ததையெல்லாம் போட்டு உள்ளங்கை அகலப் பட்டனாக வாங்கிக் குவித்தார். உலகம் வேறு மாதிரி முடிவு செய்தது. அந்த வருடம் எல்லாரும் ஜிப்புக்குப் போனார்கள். வாடகை பாக்கிக்காகக் கட்டடக்காரர் கடைக்குப் பூட்டுப் போட்டார். பட்டன் மூட்டைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவரும் வியாபாரி. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. மூட்டைகள் வீட்டுக்கு வந்தன. அவற்றின்மேல்தான் நாங்கள் தூங்கினோம். பட்டன் மூட்டையில் படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும், காலையில் முதுகெல்லாம் நாலு துளை வட்டங்களாக இருக்கும்.

அம்மா ஒரு மூட்டையை இறக்கி, நீலப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், எங்கள் பூட்டிய கடைக்கு நேர் எதிரே நடைபாதையில் உட்கார்ந்தாள். வேறு தெருவுக்குப் போயிருக்கலாமே, தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று சித்தப்பா குதித்தார். "தெரிஞ்சவங்க பார்க்கத்தானே உட்கார்றேன்," என்றாள் அம்மா. "கடையைத் தேடி வர்றவன் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்புவான். திரும்பினா முன்னாடி நான் இருக்கணும்." எண்ணிக் கொடுக்க நேரமில்லை என்று முகப்பவுடர் டப்பா மூடி ஒன்றை அளவாக வைத்துக்கொண்டாள். பட்டன் என்று கேட்டு வந்தவர்களுக்குப் பட்டன். வராதவர்களுக்கு அதே பட்டன் பொம்மைக்குக் கண்ணாகவும், திரைச்சீலைக்குக் கனமாகவும், உடைந்த பாத்திர மூடிக்குக் குமிழாகவும் விற்றது. பேரம் பேசினவர்களுக்கு மூடியைக் குவித்துக் கொடுப்பாள். சொன்ன விலையைப் பேசாமல் நீட்டுகிறவர்களுக்கு உள்ளங்கையால் தலை தட்டிச் சமமாக. தலைகீழாகத்தானே செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பேசாம காசை நீட்டுறவன் நம்ம மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம நீட்டுறான். அவனுக்கு எதுக்குக் குவியல்?" என்றாள்.

நான் பள்ளிவிட்டு நேராக விரிப்புக்குத்தான் போவேன். அண்ணன் பெரிய வகுப்பு. கூட்டாளிகளோடு வருவான். எங்கள் விரிப்புக்கு ரொம்ப முன்னாலேயே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், பூட்டிய கடையை ஒட்டி நடந்து போய்விடுவான். முதல் தடவை நான் கை காட்டிக் கூப்பிடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "விடு. அந்தப் பக்கம்தான் நிழல்," என்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆக, அண்ணன் கூப்பிடாத கணினிக்கு முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுநாள் காலையில் அதிசயம் நடந்தது. உங்களை இழக்க விரும்பவில்லை, உங்களுக்காகப் பாதி விலை என்று கருவிக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அண்ணன் கடையே அதிர மேசையைத் தட்டினான். "பார்த்தியா! கூப்பிட்டான் பார்த்தியா! மெஷினாம் மெஷினு!"

"சரிண்ணா, கட்டிடுவோமா?"

என்னை அனுதாபத்தோடு பார்த்தான். "ஒரு ராத்திரியில பாதிக்கு இறங்கினவன் இன்னும் ரெண்டு நாள்ல எங்க இறங்குவான், யோசி."

ரெண்டு நாள் யோசித்தோம். மூன்றாம் நாள் சலுகை முடிந்துவிட்டது, பழைய விலையே உண்டு என்று மின்னஞ்சல் வந்தது. அன்று மதியத்துக்குள் கோப்பு கைக்கு வராவிட்டால் சுவருக்கு வெள்ளைத் துணிதான் என்று பேனர்க்காரரும் சொல்லிவிட்டார். முழு விலை ஒன்றும் அண்ணனைச் சாய்த்துவிடும் தொகை இல்லை. புதுக் கடையின் கண்ணாடிக் கதவுக் கைப்பிடிக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தான். ஆனால் பாதி விலையை வேண்டாமென்றவன் முழு விலையைக் கொடுத்தால், அப்பா பதினைந்து வட்டத்திலிருந்தும் இறங்கி வந்து அடிப்பார். அது எங்கள் ரத்தத்தில் முடியாத காரியம்.

"இப்படிப் பண்ணு," என்றான். "மறுதிறப்பைத் தூக்கிப் பத்தாம் வருஷத்துல வை. இறக்குமதியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழு. முடிஞ்சு போச்சு."

"தேதியை நகர்த்த மாட்டேன்."

"யாரு வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணியிருக்கேன்."

"பாப்பா, நீ டைப் அடிக்கிறவ. நான் சொல்றதை அடி."

எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். "அப்ப நீயே அடிச்சுக்கோ. இதுல தேதியை மாத்தணும்னா முதல்ல வட்டத்தை ரெண்டு தடவை தொடணும். மெதுவாத் தொட்டா நகராது, வேகமாத் தொட்டா அழிஞ்சிடும். சித்தப்பா தோளு எதுல இருக்குன்னு பார்த்துத் தொடு."

அண்ணன் திரையைப் பார்த்தான், தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தான். "சரி உட்காரு," என்றான். "தேதி அப்படியே இருக்கட்டும். வெள்ளை மேல ஒரு படத்தைப் போடு. சூரியன் உதிக்கிற மாதிரி. 'வளர்ச்சிப் பயணம்'னு எழுது."

"யாரு வளர்ந்தா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மா மதியத்துக்கு மேல் கடைக்கு வந்து, இழுப்பறை வரிசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, கலந்துபோன பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அன்று சீக்கிரமே வந்துவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். படம் இல்லாத வட்டம் ஒன்றைக் காட்டி, "இது யாரு மலை?" என்றாள்.

"போட்டோ இல்லைன்னா அதுவே போட்டுக்கும்மா."

"நம்ம கடையில மலை எப்ப வித்தோம்?" என்றவள் விரலை அப்படியே வெள்ளைக்கு நகர்த்தினாள். திரையில் அவள் நகம் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை போயிற்று. அண்ணன்தான் முந்திக்கொண்டான்.

"அம்மா, உனக்கு ஒரு வட்டம் போடச் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். 'அன்னையின் ஆதரவு'. நல்லா இருக்கா? சித்தப்பா தோளை எடுத்துட்டு இடம் பண்ணிடலாம்."

"ஆதரவா? நான் என்ன முட்டுக்கொம்பா?"

"சரி, வேற. 'சோதனைக் காலம்'."

"சோதனைங்கிறது விக்காதப்ப. நான் தினம் வித்தேன்."

"'தியாகம்'னு போடட்டுமா?" அண்ணன் குரலில் வியர்வை தெரிந்தது. மூன்றாவது விலைக்கு வந்துவிட்டான். எங்கள் வீட்டில் மூன்றாவது விலை என்பது கிட்டத்தட்டக் காலில் விழுவது.

"யாருக்குடா தியாகம்? லாபம் வந்துச்சு. அந்த லாபத்துலதான் பூட்டைத் திறந்தோம்," என்றாள். "கடைன்னு போடு. பெரிய கடையை மூடுனதும் எதிர்த்தாப்புல கிளை திறந்தோம். நம்ம முதல் கிளை அதுதான். எதுவும் மறைக்காம, 'நடைபாதைக் கிளை'ன்னு போடு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வணிகர் சங்கத் தலைவர் ரிப்பன் வெட்ட வர்றாரும்மா. மொத்த வியாபாரிங்க, கம்பெனிக்காரங்க எல்லாம் வர்றாங்க. பிளாஸ்டிக் விரிச்சு உட்கார்ந்தவங்கன்னு நாமளே சுவத்துல எழுதி வைக்கணுமா? எனக்கு வேண்டாம். நான் கேட்கிறது அவ்வளவுதான்."

அம்மா அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சரக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வைக்கிறவள் மாதிரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்னா வேண்டாம். ஆனா அது மேல சூரியன் கீரியன் எதுவும் ஒட்டாதே. வெறுமையா விடு. வெறுமையா இருந்தா அது என்னுது. இன்னொருத்தன் படத்தை ஒட்டினா அது பொய்யாப் போயிடும்."

"அவ்வளவுதானே? வெறும் வெள்ளையா?"

"வெறும் வெள்ளை. பேச்சு மாறக்கூடாது."

அண்ணன் கண்ணில் ஒரு நொடி பழைய மினுக்கம் வந்து போனது. எதிர்பார்த்ததைவிட மலிவாகப் படிந்துவிட்ட மினுக்கம். "மாற மாட்டேன்," என்றான். கோப்பை அனுப்பச் சொல்லிவிட்டு எழுந்துபோனான். நான் அனுப்பவில்லை, அம்மாவைப் பார்த்தேன். "ஏம்மா விட்டுக் கொடுத்தே?"

"என்னத்தை விட்டேன்? ஆறடி இடம் வாங்கியிருக்கேன்," என்று முக்காலிக்குத் திரும்பி, சிவப்புப் பட்டன்களிலிருந்து பழுப்புப் பட்டன்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். "அனுப்பு. மலையை மட்டும் எடுத்துடு."

திறப்பு நாளன்று சுவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். பேனர் உண்மையிலேயே அழகாகத்தான் வந்திருந்தது. கீழ் மூலையில் இலவசக் கருவியின் பெயர் ஓரடி அகலத்துக்குப் பளிச்சென்று அச்சாகியிருந்ததை மறைக்க அண்ணி பூந்தொட்டி ஒன்றை நகர்த்தி வைத்திருந்தாள். கோடு வாசலிலிருந்து புறப்பட்டு, அப்பாவையும் சித்தப்பாவின் பாதித் தோளையும் கடந்து, கோட்டுப் போட்ட அப்பாவோடு நின்றுபோனது. பிறகு வெள்ளை. திரையில் பார்த்தபோது அது ஓர் ஓட்டை. சுவரில் ஆள் உயரத்துக்கு, விளக்கு வெளிச்சம் எல்லாம் அதன்மேலேயே விழ, கடையிலேயே கண்ணைப் பறிக்கிற இடம் அதுவாக இருந்தது. வந்தவர்கள் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்தி, அச்சு விட்டுப்போச்சா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கடையை நீளவாட்டில் பிரிக்கும் அலமாரி வரிசைக்கு இரு பக்கமும் இரண்டு நடைவழி. ஒன்று சுவரை ஒட்டி, ஒன்று கல்லாவை ஒட்டி. நான் கல்லாவில் இருந்தேன். சங்கத் தலைவர் வண்டி வந்துவிட்டது என்று அண்ணன் வாசலுக்கு ஓடினான். போகிறபோக்கில், "அம்மா எங்க?" என்றான். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியாது.

அவன் வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, சரக்கு இறக்கும் பின்கதவு வழியாக அம்மா வந்தாள். திறப்பு விழாவுக்கென்று அண்ணி எடுத்துக் கொடுத்த புது உடுப்புதான். தலையில் மூட்டை. நேராகச் சுவருக்குப் போனாள். வெள்ளை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்து, நடுவில் நீல விரிப்பை உதறினாள். அந்த உதறல் சத்தம் குளிர்பதனக் கடையில் துப்பாக்கி மாதிரி கேட்டது. உட்கார்ந்து, முதுகை வெள்ளையில் சாய்த்து, மூட்டையை அவிழ்த்துக் கவிழ்த்தாள். உள்ளங்கை அகலப் பட்டன்கள். ஒரு மூட்டையை இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும். மேலே பவுடர் டப்பா மூடியை வைத்தாள்.

அண்ணிதான் முதலில் ஓடினாள். "அத்தை, என்ன இது, எழுந்திருங்க. போட்டோ எடுக்கிறாங்க!"

"எடுக்கட்டும். அப்ப எடுக்க ஆள் இல்ல."

அதற்குள் பழைய வாடிக்கைத் தையல்காரி ஒருத்தி, எங்கள் கடையில் ஊசி அக்கா என்று பெயர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குந்திவிட்டாள். முழங்கால் மடங்காத வயதில் எப்படிக் குந்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. "இன்னுமா இருக்கு இந்தச் சனியன்?" என்று ஒரு பட்டனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மூடி என்ன விலை?"

அம்மா சொன்னாள்.

"அடேங்கப்பா! தங்கத்துலயா வார்த்திருக்கே?"

"தங்கமா இருந்தா உனக்கு ஏன் காட்டுறேன்? ஏசி போட்ட கிளைம்மா இது, விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

"மேல 'ஒரே விலை'ன்னு எரியுதே?"

"அது அந்தக் கடை. இது இந்தக் கடை. நீ கேளு."

ஊசி அக்கா கேட்டாள். சுற்றி இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். அண்ணி ஓடி வந்து கல்லாவின் மேல் கை ஊன்றினாள். "நீங்களாவது போய்ச் சொல்லுங்க. உங்க அண்ணன் மானம் போகுது."

"கல்லாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அண்ணி," என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், விரிப்பில் அம்மாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். என் இடம் அதுதான். பொட்டலம் மடிக்கிறது என் வேலை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய பில் தாள்களை என் பக்கம் தள்ளினாள். தரையில் உட்கார்ந்தால் உலகத்தில் செருப்புகளும் முழங்கால்களும் மட்டும்தான் இருக்கின்றன என்பதை நான் மறந்துபோயிருந்தேன். நடந்து வருகிற காலைப் பார்த்தே இவர் வாங்குவார், இவர் வாங்கமாட்டார், இவர் நம்மைப் பார்க்காததுபோலப் போவார் என்று சொல்லிவிடலாம். சின்ன வயதில் நான் அதில் தப்பவே மாட்டேன்.

கத்தரி சத்தம், கைதட்டல். பிறகு வாசல் பக்கத்திலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் வந்தன. ஒன்று வெள்ளைச் செருப்பு, சங்கத் தலைவருடையது. மற்றது அண்ணனின் புதுப் பழுப்பு ஷூ, காலையில் நான்தான் விலைச்சீட்டைப் பிய்த்தேன். அலமாரி வரிசை தொடங்கும் இடத்தில் பழுப்பு ஷூ நின்றது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் விரிப்பு முழுதாகத் தெரியும். கல்லாப்பக்க நடைவழி காலியாகக் கிடந்தது. ஷூவின் நுனி அந்தப் பக்கம் திரும்பியது. "சார், முதல்ல அந்தப் பக்கம் லேஸ் பிரிவைப் பார்த்துடலாமே," என்று அண்ணன் குரல் கேட்டது.

அம்மா தலை நிமிரவில்லை. ஊசி அக்காவிடம் மீதியைக் கொடுத்தபடியே, நடைபாதைக்குக் கேட்கிற அதே குரலில், "அந்தப் பக்கம் நிழல்தான்," என்றாள். "ஆனா இன்னிக்கு இங்கயும் வெயில் இல்ல."

ஊசி அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சங்கத் தலைவருக்கும் புரிந்திருக்காது. வெள்ளைச் செருப்பு கூட்டத்தைக் கண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டது. தலைவர் எங்களுக்கு மேலே சுவரை வாசித்துக்கொண்டே வந்து, வெள்ளைக்கு முன்னால் நின்றார். "நடுவுல ஒண்ணும் போடலையே?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு சார்," என்றாள் அம்மா. "கீழ பாருங்க."

அவர் கீழே பார்த்தார். பழுப்பு ஷூ இன்னும் வரிசை முனையிலேயே நின்றது. பிறகு வந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, விரிப்பின் நீல ஓரத்தில் வந்து ஒட்டி நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சங்கத் தலைவர், கம்பெனிக்காரர்கள், கேமராக்காரர், எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்ப் பர்ஸைத் தொட்டு அங்கேயே நின்றது.

"சாருக்கு எத்தனை மூடி?" என்றாள் அம்மா, யாரோ வழிப்போக்கனைக் கேட்பதுபோல. அவளே மூடியைக் குவியலுக்குள் செருகி எடுத்தாள். பட்டன்கள் விளிம்புக்கு மேலே மலையாக ஏறி நின்றன, இரண்டு மூன்று சரிந்து புதுத் தரையில் உருண்டன. விலையைச் சொன்னாள். ஊசி அக்காவிடம் சொன்னதைவிட அதிகம், பேரம் பேச இடம் விட்டு.

அண்ணன் உதடு பிரிந்தது. அம்மாவின் உள்ளங்கை மூடிக்கு மேலே வந்து, தட்டாமல், குவியலைத் தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தது.